மஞ்சள் தொப்பி ஊக்கு

விடியும் முன்பே வந்து ஊக்குப் பட்டறைக் கதவைத் திறப்பது அக்காவின் வேலை. அக்கா என்றால் அங்கே எல்லோருக்கும் அக்கா. அவளைவிட மூத்தவரான, தகரம் வெட்டும் அச்சு செய்கிற அச்சுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கம்பி முறுக்கும் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் ஒருவர் கத்தினாலும் காதில் விழாது. அது ஓடுவதற்கு முன் கொஞ்ச நேரம்தான் பட்டறையில் நிசப்தம். அந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்கும்.

டிக்.

சுவரோரம் அடுக்கியிருக்கும் பெட்டிகளுக்குள்ளிருந்து வரும். கொஞ்சம் பொறுத்து வேறொரு பெட்டியிலிருந்து இன்னொன்று. முந்தின நாள் மூடிவைத்த ஊக்குகள் இருட்டில் தாமாகவே திறந்துகொள்கின்றன. கம்பி நிமிரப் பார்க்கிறது, தலையிலுள்ள தகரத் தொப்பி அதைப் பிடித்து வைக்க மாட்டேன் என்கிறது, கூர்முனை நழுவி வெளியே வருகிறது. விஷயம் அவ்வளவுதான். அச்சுக்காரர் இதைப் பலமுறை விளக்கிவிட்டார். வெளிச்சம் வந்த பிறகு அந்த விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. இருட்டில் தனியாக நிற்கும்போது அக்காவுக்கு அது பொருந்தாது. 'தங்கச்சி வந்துட்டா' என்றுதான் மனசு சொல்லும்.

விளக்கைப் போட்டதும் அட்டை வரிசைப் பெண்கள் வந்து உட்காருவார்கள். முதுகு சாயமுடியாத முக்காலிகள். எண்ணெய்ப் பிசுக்கும் முலாம் தொட்டியின் புளித்த நெடியும் சேர்ந்து நெஞ்சைக் கரிக்கும். தள்ளுவண்டியில் ஊக்குகள் குவியல் குவியலாக வரும். ஒவ்வொன்றையும் திறந்து, அட்டையில் குத்தி, மறுபடி மூட வேண்டும். இடது கை அட்டையைப் பிடித்திருக்கும். வலது கை திறந்து மூடும். ஊக்கை எடுத்துக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு முக்காலிக்கும் எதிரே, ஊக்குகள் கைக்கு வழுக்கி வரும் ஒரு சாய்வுத் தட்டு இருந்தது. முதலாளி தட்டுகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு வரிசை முக்காலிகளைப் போட்டார். அதற்கப்புறம் பெண்களுக்கு வாய்தான் மூன்றாவது கை.

மூடின ஊக்குகளை உதட்டிடுக்கில் வரிசையாகக் கவ்விக்கொள்வார்கள். ஒவ்வொன்றாக எடுப்பார்கள். பேச முடியாது, முனகத்தான் முடியும். அந்த முனகலிலேயே ஒரு பாஷை வளர்ந்திருந்தது. ஒரு 'ம்' என்றால் சரி. இழுத்து ஒரு 'ம்ம்' என்றால் முதலாளி இறங்கி வருகிறார். எப்போதாவது ஒருத்தி ஒன்றை விழுங்கியும் விடுவாள். மூடின ஊக்கு, மறுநாள் வந்துவிடும். "என்னடி, பேறுகாலம் ஆச்சா?" என்று ஒரு வாரம் கேலி செய்வார்கள். அதோடு சரி. தாங்கள் மூடிய ஊக்கு திறக்காது என்பதில் அந்த வரிசைக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிறகு முதலாளி தகரத்தில் மிச்சம் பிடிக்கத் தொடங்கினார். தொப்பியின் ஆழத்தை வெட்டினார், கம்பியையும் மெலிதாக்கினார். அட்டை வரிசைக்கு யாரும் சொல்லவில்லை. ஊக்கு அதே பளபளப்போடுதான் வந்தது. மூடுவதற்கு மட்டும் லேசாக இருந்தது. 'விரல் வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு' என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அக்காவின் தங்கை அவளுக்கு அடுத்த முக்காலி. அதற்கடுத்து, ஆண்பிள்ளைபோலப் பேசுவதால் கட்டைக்குரல் என்று பெயர் வாங்கியவள். வாயில் ஊக்கு இருக்கும்போதே முனகலால் முதலாளி நடப்பதுபோல் செய்து காட்டுவாள். அன்றைக்கும் செய்தாள். தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய் திறந்தது, ஒன்று உள்ளே போய்விட்டது.

"போச்சுடி, நாளைக்குத்தான் பாக்கணும்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். வேலையைத் தொடர்ந்தாள். அட்டையை முடித்தாள். ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் ஊக்கு தெளிவாகத் தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றது. டாக்டர்கள் கத்தியை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தவழத் தொடங்கிய பெண் குழந்தையை அக்காவின் மடியில் விட்டுவிட்டு அவள் போய்ச் சேர்ந்தாள்.

முதலாளி ஒரு பலகை மாட்டினார். வாயில் ஊக்கு வைக்கக் கூடாது, வைத்தால் கூலியில் பிடித்தம். தட்டு திரும்பி வரவில்லை. வாய் இல்லாமல் வேலை பாதியாகக் குறைந்தது, அட்டைக் கணக்கில் வாங்கும் கூலியும் அதோடு விழுந்தது. இப்போது எல்லோர் வாயும் காலியாக இருந்தது, ஆனாலும் ஒருவரும் பேசவில்லை. கட்டைக்குரல் அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. சில சமயம் அக்கா தன்னையறியாமல் உதட்டில் ஊக்கைக் கவ்வியிருப்பாள். உப்புக்கரிக்கும் இரும்பு ருசி நாக்கில் பட்டதும் பதறித் துப்புவாள். பக்கத்து முக்காலியிலிருந்து மெல்லிசாக ஒரு 'ம்' கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மஞ்சள் ஊக்கு வந்தது. குழந்தைகளின் இடுப்புத் துணிக்கென்று பெரிய ஆர்டர். அதே மெல்லிய கம்பி, அதே ஆழமில்லாத தொப்பி. தொப்பிக்கு மஞ்சள் சாயம் மட்டும் புதிது. அட்டையில் ஒரு குழந்தை பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருந்தது.

அக்காவின் விரல் ஓடவில்லை. வீட்டில் தங்கை குழந்தையின் துணியை அவள் முடிச்சுப் போட்டுத்தான் கட்டினாள். அது நாலு எட்டு தவழ்ந்ததும் அவிழ்ந்து விழும். ஊக்கு மட்டும் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. ஆனால் எத்தனை வீட்டுக்குள் போகப்போகிறது? சாப்பாட்டு நேரத்தில் நேராக அச்சுக்காரரின் மேடைக்குப் போனாள்.

"இது திறக்காம இருக்கறதுக்கு என்ன செய்யணும்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எதுக்கு கேக்கறே?"

"பிள்ளைங்க இடுப்புல போகுதுண்ணே."

கொஞ்ச நேரத்தில் கட்டைக்குரலும் வந்து ஓரமாக நின்றாள். தங்கை போனபின் அவள் அக்காவின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

முதலில் தொப்பிக்கு மேல் ஒரு சிறிய வளையம் மாட்டிப் பார்த்தார்கள். மூடியபின் வளையத்தை இழுத்துவிட்டால் முனை நழுவாது. பார்க்க அழகாக இருந்தது. அக்கா துணியில் குத்தி உதறினாள். வளையம் கழன்று தரையில் உருண்டது. கடலைப் பருப்பளவுதான் இருக்கும். மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். தவழுகிற கை எட்டும் இடத்தில் கிடந்தது. அச்சுக்காரர் எழுந்துபோய் அதைச் சுத்தியலால் நசுக்கினார்.

அப்புறம் பழையபடி தொப்பியை ஆழமாக்கினார்கள். அதுவும் போதவில்லை. பக்கவாட்டில் அழுத்தினால் முனை வெளியே எட்டிப்பார்த்தது.

"எங்க வீட்டு கக்கூஸ் தாழ்ப்பாள் சனியன் புடிச்சது" என்றாள் கட்டைக்குரல் திடீரென்று. எத்தனையோ நாள் கழித்து வந்த குரல், கரகரத்தது. "சும்மா இழுத்தா வராது. அமுக்கிக்கிட்டே தள்ளணும். என் பையன் உள்ள மாட்டிக்கிட்டு ஒப்பாரி வெப்பான்."

அச்சுக்காரர் அவளை ஒரு கணம் பார்த்தார். தொப்பிக்குள் ஒரு மேடு வைத்து அச்சை அராவினார். இப்போது முனை மேட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது. திறக்க வேண்டுமென்றால் அமுக்கி, அமுக்கியபடியே தள்ள வேண்டும். குழந்தை விரலுக்கு அந்த வித்தை வராது. ஒரே கஷ்டம், மூடுவதற்கும் பலம் வேண்டும். கொஞ்சம் மூடிப் பார்த்ததுமே அக்காவின் கட்டைவிரல் சிவந்துபோயிற்று. 'அட்டை வரிசை இதை ஏத்துக்குமா' என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

செய்தவற்றை மூடி ஒரு தகர டப்பாவில் போட்டுப் பட்டறையிலேயே வைத்தார்கள். மறுநாள் விடியும் முன் அக்கா டப்பாவில் காதை வைத்துக் கேட்டாள். சுவரோரப் பெட்டிகளில் டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. டப்பாவில் ஒன்றுமில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த அமைதியில் தங்கை எழுந்து போய்விட்டதுபோல் இருந்தது. இனி எல்லாப் பெட்டியும் இப்படி அடங்கிவிட்டால் அவள் சத்தம் எங்கே கேட்கும்? அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டாள்.

முதலாளியின் அறை மாடியில், கண்ணாடி போட்டது. குறுகலான இரும்புப் படியில் ஏறிப் போகவேண்டும். அக்கா புது ஊக்கோடு ஏறினாள். அவர் ஊக்கை வாங்கித் திறந்தார், மூடினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. எங்கப்பா அவரு காலத்துல இப்படித்தான் ஆழமா போடுவாரு."

"அப்ப உங்களுக்கு தெரியும்."

"தெரியாம என்ன? தொப்பியை வெட்டச் சொன்னதே நான்தானே. சந்தையில எல்லாரும் மெலிசா போடறான். நான் மட்டும் கெட்டியா போட்டுட்டு யாருகிட்ட விக்கறது? ஊக்குன்னா ஊக்குதாம்மா. வாயில வெக்கச் சொன்னது நானா?"

"மூடின ஊக்கு திறக்காதுன்னு நம்பி வெச்சோம் முதலாளி. நாங்க செஞ்ச சாமானை நாங்களே நம்பக் கூடாதா?"

அவர் ஊக்கை மேசையில் வைத்தார். குரலில் தேன் வந்தது.

"உன் வருத்தம் எனக்குப் புரியுதும்மா. ஒண்ணு செய். உன் தங்கச்சி குழந்தைக்கு வேணுங்கற மட்டும் இந்த மாதிரியே செஞ்சு எடுத்துக்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். நாளையிலேர்ந்து நீ அட்டை போட வேணாம். மேல வந்து உக்காந்து சரக்கு பாரு. மஞ்சள் சரக்கு மட்டும் தடையில்லாம போகணும்."

பொய் சொல்வானேன், அக்காவுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. முதுகு சாய ஒரு நாற்காலி. குழந்தை இடுப்பில் அவிழாத துணி. யாரையும் கேட்க வேண்டாம், யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

"மத்த பிள்ளைங்களுக்கு?" என்றாள்.

"அதுங்களைப் பாத்துக்க அதுங்க அம்மா இருக்கா."

"இவளுக்கும்தான் இருந்தா."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

கீழே வந்து மோட்டாரை நிறுத்தினாள். வரிசை முழுதும் நிமிர்ந்தது. மேலே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், தனக்கு ஆசை வந்ததையும் சேர்த்து. புது ஊக்கு கைக்குக் கை மாறியது.

"விரல் செத்துப்போகும்போல இருக்கேக்கா" என்றாள் மூடிப் பார்த்த ஒருத்தி. "இருக்கற கூலியும் போயிடும்."

"போகும்" என்றாள் அக்கா. "அதனால இதை மட்டும் கேட்டா பத்தாது. தட்டு வேணும். அட்டைக்கு கூலி ஏத்தணும். மூணும் ஒண்ணுதான். நம்ம கையை நெரிச்சு ஊருப் பிள்ளைங்களைக் காப்பாத்துன்னு நான் சொல்லல."

மோட்டார் ஓடாத நிசப்தத்தில் சுவரோரமாக ஒரு பெட்டி டிக் என்றது. பட்டப்பகலில், எல்லோர் காதிலும் விழுந்தது. கட்டைக்குரல் தன் முன்னால் இருந்த மஞ்சள் குவியலைத் தள்ளுவண்டியிலேயே திரும்பக் கொட்டினாள்.

"நான் மூடமாட்டேன். அவளைச் சிரிக்க வெச்சது நான்தான்னு இத்தனை நாளா செத்துக்கிட்டிருந்தேன். கொன்னது என் சிரிப்பு இல்ல, இந்த தொப்பி."

அக்கா அவள் தோளை அணைத்துக்கொண்டாள். ஒவ்வொருத்தியாகக் குவியலைத் திருப்பிக் கொட்டினார்கள். முலாம் தொட்டிக்காரர்களும் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள்.

சத்தம் நின்றதும் முதலாளி மாடிப்படி வாசலுக்கு வந்தார். "என்ன இது? பேசணும்னா ஒவ்வொருத்தரா மேல வாங்க. முதல்ல அந்தக் கட்டைக்குரல் வரட்டும்."

அவள் எழுந்தாள். கூடவே அக்கா எழுந்தாள். பிறகு வரிசையே எழுந்தது. இரும்புப் படியில் கீழிருந்து மேல்வரை ஆட்கள் நின்றார்கள். படி கிறீச்சிட்டது.

"இறங்குங்க! படி தாங்காது!"

"தாங்கலன்னா அதையும் கெட்டியா போடச் சொல்லுங்க முதலாளி" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. தங்கை போனபின் அந்தப் பட்டறையில் எழுந்த முதல் சிரிப்பு அதுதான்.

அக்கா குவியலிலிருந்து கொண்டுவந்த ஒரு மஞ்சள் ஊக்கை மூடி, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இதை உங்க உதட்டுல வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் எங்களோட பேசுங்க முதலாளி. எங்களைத் திட்டக்கூடச் செய்யுங்க. அப்புறம் நாங்க போய் உக்காந்து வேலையைப் பாக்கறோம்."

அவர் ஊக்கைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கை நீளவில்லை. கழுத்தை மட்டும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

"நாளைக்கே வெளிய இருந்து ஆள் கொண்டு வரேன்" என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

படியில் நின்றவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. கூலி இல்லாத வீடு எத்தனை நாள் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கீழ்ப்படியில் இருந்த ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"நெசமாவே ஆள் வந்துட்டா என்னக்கா செய்யறது?"

அக்கா யோசித்தாள். "வரட்டும். வாசல்லயே நிப்போம். அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கும். பழசு, புதுசு ரெண்டு ஊக்கையும் கையில குடுத்து, மூடிப் பாக்கச் சொல்லுவோம்."

"அப்ப புது ஊக்கு நெறைய வேணுமே" என்றார் அச்சுக்காரர். எழுந்து, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தன் மேடைக்கு நடந்தார். அவருக்குத் தகரம் எடுத்துக்கொடுக்கக் கட்டைக்குரலும் பின்னாலேயே போனாள்.