கழலக் கூடாத மணி

பதினெட்டாம் நாள் காலை கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் ஒரு மணி கழன்று கிடந்தது. கடுகைவிடச் சிறியது, உருண்டை, வழவழப்பு. ஒடீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தாள். அது கழலக் கூடாத மணி.

பிரான்சின் வில்ஃப்ராஞ்ஷ் விரிகுடாவில், ஜெல்லிமீன்களுக்கு உறவான சொறிச்சரங்களுக்குப் பஞ்சமில்லை. பார்வைக்கு ஓருயிர், உள்ளபடி ஒரு குடும்பம். நீந்தச் சுருங்கி விரியும் ஒரு மணி, தின்ன ஒரு வாய், முட்டையிட வேறொன்று, எல்லாம் ஒரே முட்டையில் முளைத்தவை. அவள் வளர்க்க எடுத்தது ஆழத்திலிருந்து அபூர்வமாக ஏறிவரும் உருண்டை மணி இனம்; வளர்ந்த பிறகும் அந்த மணியைக் கழற்றாதது. அதன் குஞ்சை இந்த ஆய்வு நிலையத்தில் யாரும் முழுதாக வளர்த்ததில்லை. வளர்த்துக் காட்டினால் இன்னும் ஓராண்டு வேலை. இல்லையென்றால் இந்த ஏப்ரலோடு சரி. பத்து மணிக்கு இயக்குநர் பார்க்க வருகிறார்.

பன்னிரண்டு முட்டைகளில் பதினொன்று கரைந்துபோயின. மிஞ்சிய ஒன்றில் முதலில் நீள்பொட்டு, பிறகு பக்கவாட்டில் ஒரு மொட்டு, அது விரிந்து உருண்டை மணி. நாளுக்கொரு படம் வரைந்து தேதி போட்டாள். தினமும் பாதித் தண்ணீரை மாற்றினாள். வடிகட்டினால் கடல்தண்ணீர் செத்துவிடும் என்று நிலையத்தில் ஒரு பேச்சு உண்டு; அவளும் நம்பினாள். வடிகட்டும் பட்டுத்துணி ஆணியிலேயே தொங்கியது.

கழன்ற மணியின் இடத்தில் இப்போது கூம்பாக ஒரு புது மணி. அதில் ஐந்து விளிம்புகள். ஐந்து விளிம்பு, கடலில் வாளி விட்டாலே அகப்படும் சாதாரண இனத்தின் அடையாளம். அந்த இனமும் குஞ்சில் உருண்டை மணியோடுதான் திரியும், வளர்ந்ததும் உதிர்த்துவிடும்.

படகோட்டி பாப்திஸ்தான் கடல்தண்ணீர்த் தகரத்தோடு வந்தார்.

"என்ன மதாம், ஒத்தைப்புள்ள எப்படியிருக்கான்? பெரியவரு தாடியச் சீவிக்கிட்டு நிக்கிறாரு, பொண்ணு பாக்கப் போற மாதிரி."

"இது நம்ம புள்ள இல்ல, பாப்திஸ்தான். தண்ணியோட வந்தது."

அவர் தகரத்தைப் பார்த்தார். "நான் கொண்டாந்த தண்ணியா?"

"வடிகட்டாம ஊத்துனது நான்தானே."

"அப்ப நம்மது?"

"என்னிக்குச் செத்துச்சுன்னே தெரியல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்குத் தெரியவா போகுது?"

"அஞ்சு விளிம்பு. உங்களுக்கே தெரியும்."

பாப்திஸ்தான் தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறிவந்தது. ஒடீல் படங்களை அடுக்கினாள். எந்தப் படத்திலிருந்து வேறொன்றின் குஞ்சு என்று பிரிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகவே வைத்தாள். கிண்ணத்தில் குஞ்சு தன் புது மணியை ஒருமுறை சுருக்கி விரித்து, மயிரிழையான தூண்டில்நூலை இறக்கியது. ஒரு கூனிப்பொடி அதில் பட்டுத் துடித்தது, நின்றது. நூல் அவசரமில்லாமல் மேலே சுருண்டது.