நாக்குக்கு அடியில் கரையாத மாத்திரை

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றுதான் எதிர்வீட்டுக்காரி தன் தம்பி மனைவியைப் பற்றி ஆரம்பித்தாள். எழுதக் கூடாதென்று அவள் சொல்லவில்லையே.

முதல் வரி: ‘பிறந்த குழந்தை போதைக்கு ஏங்கி அழுதது.’ (அடித்துவிட்டேன். தெருவே திரும்பிப் பார்க்கும். குழந்தையை யாரும் பார்க்கமாட்டார்கள்.)

2

மறுபடி. முதுகுவலிக்கு வாங்கிய மாத்திரை அந்தப் பெண்ணை விடாமல் பிடித்துக்கொண்டது. கருவுற்றதும் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். திடீரென்று நிறுத்தினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து என்று வேறொரு மாத்திரை கொடுத்தார்கள்; தினமும் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடவேண்டும். வயிற்றிலேயே அதற்குப் பழகிய குழந்தை, பிறந்ததும் அது கிடைக்காமல் நடுங்குகிறது. விளக்கைத் தணித்து, தாயின் மார்போடு ஒட்டவைத்து, பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தேற்றினால் அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அடங்கினால் அதற்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். (டாக்டரைவிட நீளமாகப் பேசுகிறேன். கதைக்கு வருகிறேன்.)

3

இங்கேதான் நாத்தனார், அதாவது என் எதிர்வீட்டுக்காரி, நுழைந்தாள்.

“இன்னுமா அந்தக் கருமத்த வாயில வைக்கிற? பால் எப்படி சுத்தமா இருக்கும்?”

“குடுக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க அண்ணி.”

“அவங்களுக்கென்ன, சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க.”

அன்றிலிருந்து, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் அந்தப் பெண் மாத்திரையைக் கைக்குட்டையில் துப்புகிறாள். நல்ல தாயாக இருக்கத்தான். இப்போது முதுகெல்லாம் வியர்வை, கை உதறுகிறது. அந்தக் கையில்தான் குழந்தை, வீறிட்டு அழுகிறது. நர்ஸைக் கூப்பிட மணியை அழுத்தலாம். அழுத்தினால், இவளால் முடியவில்லை என்று பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ?

ஒரு முடிவு: பழைய மாத்திரை விற்பவனைத் தேடி அவள்... (வேண்டாம். எதிர்வீட்டுக்காரி இதைத்தான் எதிர்பார்க்கிறாள்.)

இன்னொன்று: மகளுக்கு இரட்டைச் சடை, முதல் நாள் பள்ளிக்கூடம்... (நானே நம்பவில்லை.)

4

நர்ஸ் வந்துவிட்டார். குழந்தையைப் பார்க்குமுன் அவள் கையைப் பார்க்கிறார்.

“மாத்திரைய சரியா எடுக்கறியாம்மா? விட்டிருந்தா சொல்லு, திட்ட மாட்டேன். நீ நல்லா இருந்தாத்தானே இவளத் தூக்கி வச்சுக்க முடியும்?”

அவள் வாயைத் திறக்கிறாள். நாத்தனார் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டாள். நானும் கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். (எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள்.) நாங்கள் இருக்கும்வரை அவள், “எடுக்கறேன் சிஸ்டர்” என்றுதான் சொல்வாள்.

ஆகவே எங்கள் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துங்கள். படிக்கிற நீங்கள் நர்ஸோடு உள்ளேயே இருங்கள். அவள் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். குழந்தை இன்னும் அழுகிறது.