மொரெட்டினாவின் கீழ்ப்பாதி

என் கணவர் செவெரினோவுக்கு எதையும் எதோடாவது கலக்காவிட்டால் தூக்கம் வராது. அப்பா எனக்கு விட்டுப்போன மொரெட்டினா குன்றின் மேல்பாதியில் விளைந்த நெபியோலோ திராட்சையை ஒன்பது வருஷமாகத் தன் தோட்டத்துத் திராட்சையோடு சேர்த்துத்தான் மதுவாக்கினார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அறுபது முடிந்த அன்று சொல்லிவிட்டேன்: இந்த அறுவடையில் என் குன்று தனி. ஒரே ஒரு பீப்பாய் போதும், அதில் வேறு மண்ணின் சொட்டு விழக்கூடாது. சாவதற்குள் அப்பாவின் மண்ணை மட்டும் ஒருமுறை ருசிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கீழ்ப்பாதி என் தம்பி எலிஜியோவுடையது. பாகம் பிரித்த அன்று, கல்யாணமாகிப் போனவளுக்கு மேல்பாதி எதற்கு என்று பத்திரம் எழுதுகிறவர் முன்னாலேயே கேட்டான். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. தேவாலயத்தில் எதிரே வந்தாலும் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

பீப்பாய் மரம் மதுவைக் குடிக்கும். குறைந்ததை வாராவாரம் அதே மதுவால் நிரப்பாவிட்டால் காற்றுப் பட்டுப் புளித்துவிடும். அதற்கென்றே என் மதுவில் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை நிறைய எடுத்துவைத்திருந்தேன். ஆனால் முதல் குளிர்காலத்திலேயே முற்றத்துப் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். பீப்பாய் இருந்த நிலவறைப் படி இறங்க முடியாமல் போயிற்று. நிரப்புகிற வேலை செவெரினோவிடம் போனது.

ஒன்றரை வருஷம் கழித்து, பாட்டிலில் அடைக்க இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு கையில் கைத்தடியும் மறுகையில் சுவருமாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். குடுவை மூலையில் இருந்தது. இந்நேரம் காலியாகியிருக்க வேண்டியதில் முக்கால்வாசி அப்படியே நின்றது. அடைப்பைத் திறந்தால் குப்பென்று காடி நெடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேபிளெல்லாம் அச்சாகி வந்துவிட்டது, ‘மொரெட்டினா’ என்று மட்டும் போட்டு. நான் போட்ட சத்தத்தில் செவெரினோ ஓடிவந்தார்.

“உங்க மதுவைத்தானே ஊத்துனீங்க? உண்மையைச் சொல்லுங்க.”

தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். நான் விழுந்த அன்று, எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று தானே நிரப்பக் குடுவையைத் திறந்துவைத்திருந்தாராம், அப்போதுதான் சத்தம் கேட்டதாம். போட்டது போட்டபடி ஓடிவந்தவர், என்னோடு மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். திரும்பிப் போய்ப் பார்த்தபோது அது கெட்டுப்போயிருந்தது.

“என் மது ஒரு சொட்டு இல்ல, எர்னெஸ்டா. உன் தம்பிகிட்டப் போய் அவன் மதுவைக் கேட்டேன். அதுவும் உங்கப்பா குன்றுதானே. நீ தூங்குற நேரமாப் பார்த்து, வாராவாரம் அவனே தூக்கிட்டு வந்து ஊத்திட்டுப் போனான்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா பீப்பாயையே கவுத்திருப்பே.”

கவிழ்த்துத்தான் இருப்பேன். அதில் சந்தேகமே இல்லை.

பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழலால் உறிஞ்சி எனக்கு ஒரு கோப்பையில் விட்டார். துப்பிவிடலாம் என்றுதான் வாயில் வைத்தேன். முதலில் காய்ந்த ரோஜா வாசம் வந்தது. அது என் மேல்பாதி, எனக்குத் தெரியும். பிறகு ஈறைக் கவ்விப் பிடித்தது ஒரு துவர்ப்பு. அது கீழ்ப்பாதிக் களிமண்ணின் குணம். இரண்டும் சேர்ந்தபோது, சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எனக்கும் தம்பிக்கும் அப்பா தண்ணீர் விட்டுக் கொடுத்த மது அப்படியே என் நாக்கில் இருந்தது. குன்றைப் பிரித்த பிறகு அதை யாருமே குடித்ததில்லை. விழுங்கினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாவம், செவெரினோ பயந்துபோனார்.

மேலே ஏறிவந்து எலிஜியோவுக்குப் போன் போட்டேன். பதினோரு வருஷம் கழித்து எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், திட்ட ஆரம்பித்தேன்.

“ஏன்டா, திருட்டுத்தனமா வந்து ஊத்தத் தெரியுது, மேல வந்து முகத்தைக் காட்டத் தெரியாதா? இப்பவே கிளம்பி வா. அப்பா மதுவை நான் மட்டும் தனியாக் குடிக்க முடியாது.”

அவன் மெதுவாகக் கேட்டான்:

“போன செவ்வாய்க்கிழமை கைத்தடி இல்லாம நடந்தியாமே, அக்கா?”