அடுத்த வசனம் அவளுடையது

ஊரார் எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தவள், தன் நாடகங்களை மட்டும் ஒரு காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் அவளை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தரைத்தளத்தில் அவள் கடை. பிள்ளைகள் கொண்டுவரும் கிழிந்த சான்றிதழை முதலில் ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நகல் எடுப்பாள். வருஷத்துக்கு ஒருமுறை, வண்டி நிறுத்துமிடத்தைக் காலி செய்து, அங்கே நாடகம் போடுவாள். நடிப்பது குடியிருப்புக்காரர்கள்தான்.

வசனத்தை ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக் கொடுப்பாள். படிக்கட்டில், துணி காயப்போடும் மொட்டை மாடியில், கடையில் மெஷின் ஓடும்போது. ஏன் எழுதுவதில்லை என்று கேட்டால், "எழுதிக் குடுத்தா பேப்பரைப் பாப்பாங்க. சொல்லிக் குடுத்தாதான் எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சியைப் பாப்பாங்க" என்பாள். பேச்சு திக்கும் மருந்துக்கடைக்காரருக்கு ஒருமுறை ரயில் நிலைய அறிவிப்பாளர் வேஷம் கொடுத்தாள். "ரயிலே லேட்டாத்தான் வருது, அறிவிப்பும் மெதுவா வரட்டுமே" என்றாள். அன்று அதிகமாகக் கைத்தட்டல் வாங்கியவர் அவர்தான்.

இந்த வருஷ நாடகம் பாதி ஒத்திகையில் இருந்தபோது ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நல்ல மனிதர். மேடை, பெரிய புகைப்படம், ஆறு பேர் பேச்சு, இரண்டு நிமிட மௌனம் என்று இரங்கல் கூட்டத்துக்கு எல்லாம் யோசித்து வைத்திருந்தார். அவள் கணவரான லிஃப்ட் மெக்கானிக்கிடம் வந்து சொன்னார்.

"ரெண்டு நிமிஷமா சார்?" என்றார் மெக்கானிக். "அவ இருக்கும்போது இந்தக் கட்டடத்துல அரை நிமிஷம்கூட மௌனம் இருந்ததில்லையே."

"அது ஒரு மரியாதைப்பா."

"கூட்டத்தை நீங்க வைங்க சார். அன்னிக்கே நான் நாடகத்தைப் போடறேன்."

"நீயா? திரை இழுக்கறதைத் தவிர உனக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சவங்க கிட்டப் போய்க் கேக்கறேன்."

மெக்கானிக்குக்கு இருந்த பயம் ஒன்றுதான். நாடகம் ஏழு பேர் நினைவில் ஏழு துண்டாகக் கிடந்தது. யாராவது ஒருவர் மறந்தால், அவள் வாயால் சொன்னதில் ஒரு துண்டு போயிற்று. இறந்தவர்களை நினைப்பது என்றால் கண் கலங்குவது மட்டுமில்லை, அவர்கள் பாதியில் விட்டதைக் கையில் எடுப்பதும்தான் என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்ததும் எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டு வீடு வீடாகப் போய் உட்கார்ந்தார். "அவ சொல்லிக் குடுத்ததைச் சொல்லுங்க" என்று கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார்.

கதை பேருந்து நிறுத்தத்தில் நடப்பது. பேருந்து வரவில்லை. காத்திருக்கும் கூட்டத்தில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள், இருப்பதோ ஒரே பெஞ்சு. இருவருக்கும் இடத் தகராறு. அதுதான் கடைசிக் காட்சி.

அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் வசனம் இரண்டாம் மாடித் தையல்காரம்மாவிடம் இருந்தது. ஊசியில் நூல் கோத்தபடியே அவர் சொல்லிக்காட்டினார்.

"தகராறெல்லாம் முடிஞ்சு, 'இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கறியா'ன்னு நான் கேக்கணும். அவ ஏதோ சொல்லுவா. அப்புறம் நான், 'மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே, பாத்துக்கிறவ மூஞ்சின்னு.' அவ்வளவுதான். அடுத்த வசனம் அவளோடதுன்னு உன் வீட்டுக்காரி சொன்னா."

"எந்த அவ?"

"அதான் சொல்லலையே. எதிர்ல யாருன்னு அப்புறம் சொல்றேன்னா. சொல்றதுக்குள்ள..." தையல்காரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் நான்காம் மாடி நர்ஸ் வீட்டுக்குப் போனார். அவள் பணி முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தகராறுக்கு அப்புறம் எனக்கு ஒரே வரிதான் அண்ணா. 'முன்ன பின்ன தெரியாதவ கிட்டப் பையைக் குடுக்கறீங்களே, நம்பிக்கையா?' அந்தம்மா ஏதோ பதில் சொல்வாங்களாம். அடுத்த வசனமும் அவங்களோடதுதானாம்."

இரண்டு பேர் வசனத்தையும் மெக்கானிக் மனதுக்குள் சேர்த்துப் பார்த்தார். தையல்காரம்மாவும் நர்ஸும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். மாமியார் படுக்கையில் கிடந்த காலத்தில் ஒருநாள் மூத்தவள் படிக்கட்டில் நின்று கத்திவிட்டாள்: "சம்பளம் குடுத்தா ஊரையே பாத்துப்ப, பெத்தவ மாதிரி இருக்கிறவளைப் பாத்துக்க உனக்கு நேரமில்ல!" இளையவள் இரவுப் பணி முடித்து நேராக மாமியாருக்கு உடம்பு துடைத்துவிடத்தான் வந்துகொண்டிருந்தாள். அன்றோடு பேச்சு அறுந்தது. மாமியார் போய் நான்கு வருஷம் ஆகிறது. ஒருத்தி லிஃப்டில் இருந்தால் மற்றவள் படி ஏறுவாள்.

அந்த 'பாத்துக்கிறது' என்ற சொல்லைத்தான் தன் மனைவி எடுத்து மூத்தவள் வாயில் வேறு மாதிரியாக வைத்திருக்கிறாள் என்று அவருக்கு விளங்கியது. அதற்கு அடுத்த வசனம் யாரிடமும் இல்லை என்பதும் விளங்கியது. மறந்துபோகிற ஆள் இல்லை அவள், வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாள்.

எதிரில் யார் என்பதை மேடை ஏறும்வரை மறைத்து வைத்திருக்கலாம். அவள் அப்படித்தான் செய்திருப்பாள், செய்துவிட்டுச் சிரித்தே சமாளித்தும் இருப்பாள். அவருக்கு அந்தச் சிரிப்பு வராது. மறைத்துக் கூட்டி வந்தால் ஆண்டவன் முகத்திலும் விழிக்க முடியாது என்று தோன்றியது. இருவரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"அப்போ நாடகத்தை மூட்டை கட்டு தம்பி" என்றார் தையல்காரம்மா.

"மூட்டை கட்டறதுக்கு இல்லக்கா நான் வந்தது."

"நான் வரலைன்னா என்ன பண்ணுவ?"

"நாளைக்கும் வந்து கேப்பேன்."

நர்ஸ் மறுக்கவில்லை. "அவங்க முதல்ல வரட்டும், நான் வரேன்" என்றாள். கீழே வந்து சொன்னதும் மூத்தவள், "ஏன், அவ முதல்ல வந்தா கால் தேஞ்சிடுமா?" என்றாள். மேலே போனார். "அக்கா கால் தேயுமான்னு கேக்கறாங்க" என்றார். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "அண்ணா, ரெண்டு பேரையும் லிஃப்ட்ல ஏத்தி நடுவுல நிறுத்திட மாட்டீங்களே?" என்று கேட்டாள்.

"வேலையில நான் விளையாடறதில்லம்மா."

இப்படியே அவர் தினமும் ஏறி இறங்கினார். மற்றவர்களின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நாடகத்துக்கு எப்போதும் துணி தைப்பவர் தையல்காரம்மாதான். இந்த வருஷமும் தைத்தார். நடிக்க வரவில்லையே தவிர, தையலை விடவில்லை. ஒரு மாலை மெக்கானிக் தயங்கிக்கொண்டே, "அந்தப் பொண்ணுக்கும் ஒரு சட்டை வேணும். அளவு வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"அவ அளவு எதுக்கு? தோள் பதினாலரை." கத்தரி துணியில் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. "இளைச்சிருக்காளா?"

"ஆமாக்கா. ராத்திரி டியூட்டி ஜாஸ்தி."

"அப்போ பதினாலு போதும்." துணியை மடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எத்தனை மணிக்கு இருக்கணும் நான்?"

மனம் இளகுவதைக் கையால் பிடித்துத் திறக்க முடியாது. கதவுக்கு வெளியே ஒருவர் பொறுமையாக நின்றால் போதும், மற்றதை ஆண்டவன் பார்த்துக்கொள்வான்.

இரங்கல் கூட்டத்தன்று வண்டிகள் எல்லாம் தெருவுக்குப் போயின. நாற்காலி போதாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். செயலாளரின் கூட்டம் முதலில் நடந்தது. ஆறு பேர் பேச வேண்டியதில் மூன்று பேர் பாதியில் அழுது உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு மெக்கானிக் திரையை இழுத்தார்.

நாடகம் நன்றாகவே போயிற்று. இடத் தகராறில் மூத்தவள் பெஞ்சைத் தட்டிய தட்டலில் முன்வரிசையே சிரித்தது. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்தே வசனம் சொன்னார்கள். பையை மட்டும் நீட்டியாக வேண்டும், நீட்டினாள் மூத்தவள்.

"முன்ன பின்ன தெரியாதவ கிட்டப் பையைக் குடுக்கறீங்களே, நம்பிக்கையா?"

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே." சொல்லும்போதே அவள் முகம் திரும்பியது. "பாத்துக்கிறவ மூஞ்சின்னு."

அதற்குமேல் வசனம் இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். எங்கோ ஒரு குழந்தை இருமியது. ஓரத்தில் நின்ற செயலாளர் பதறிப்போய், "மறந்துட்டாங்கய்யா, திரையை இழு!" என்று கிசுகிசுத்தார். மெக்கானிக் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், இழுக்கவில்லை. "இன்னும் முடியல சார்" என்றார்.

நர்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டாள். குரல் சின்னதாகத்தான் வந்தது.

"அன்னிக்கு மட்டும் தெரியலையா?"

மூத்தவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "தெரிஞ்சுதுடி. சொல்லி முடிச்ச உடனே தெரிஞ்சுது. அதான் இத்தனை நாளா உன் மூஞ்சியைப் பாக்கல."

பின்வரிசையில் யாரோ, "அடடா, என்ன வசனம்!" என்றார்கள். தெரிந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

இளையவள் பெஞ்சில் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்துவிட்டாள். "உக்காருங்க. பஸ் வர்ற வரைக்கும் நின்னுட்டே இருப்பீங்களா?"

மூத்தவள் உட்கார்ந்தாள். அவள் முழுசாக உட்காரும்வரை காத்திருந்து, மெக்கானிக் திரையை இழுத்தார்.

கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நடித்த எல்லோரும் மேடைக்கு வந்து வணங்குவார்கள் என்று கூட்டம் உட்கார்ந்தே இருந்தது. திரைக்குப் பின்னால் அழுகையும் பேச்சும் கலந்து கேட்டன. "அத்தை கடைசியா உங்களைத்தான் கேட்டாங்க" என்றது ஒரு குரல். "சாப்பிடறியா இல்லையா நீ, தோள் இவ்வளவு தொளதொளன்னு நிக்குது" என்றது இன்னொரு குரல்.

மெக்கானிக் கயிற்றைக் கட்டிவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நாடகம் முடிஞ்சுதுங்க. உள்ள இன்னும் பேசிட்டிருக்காங்க" என்றார். "நாற்காலியை எல்லாம் நான் அப்புறமா எடுத்து வெச்சுக்கறேன். நீங்க கொஞ்சம் சத்தம் போடாம எழுந்து போங்க."