கைப்பிடி துடைக்கும் துணி

...இளைப்பில்லாமல் எத்தனை படி ஏற முடியும், அம்மாவின் படிவத்தில் இதற்கு என்ன எழுதுவது, அப்பாவினதில் எழுதியாயிற்று, எட்டு, அதுவும் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இதய மருத்துவரின் வாசலில் ஒரே பெஞ்சில் இரண்டு பேரும், ஒரே வியாதி, இதயத்துக்கு ரத்தம் இறைக்கத் தெம்பில்லாத வியாதி, ஆனால் அப்பாவுக்கு அது முதல் நாளே இதய நோய், அம்மாவுக்கு ஒரு வருஷம் வரைக்கும் வெறும் பதட்டம், “மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா”, கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன பிறகுதான் எக்கோ எடுத்தார்கள்... “என்னடி யோசனை, மூணு மாடின்னு எழுது, தினம் ஏறி இறங்குறேன்ல” என்றாள் அம்மா. “அவளுக்கென்ன, குதிரை! ஏய், அந்தத் தண்ணி பாட்டிலைத் திற” என்றார் அப்பா. குதிரை திறந்து கொடுத்தது. மருத்துவரும் இதைத்தான் நம்புவார், போன தடவை நம்பித்தானே அம்மாவுக்கு மாத்திரையைக் கூட்டாமல் விட்டார், தெம்பா இருக்கீங்க, அவரைப் பார்த்துக்கோங்க என்று...

மூன்று மாடி என்று எழுதும்போதுதான் அந்தத் துணி ஞாபகம் வந்தது, அம்மாவின் இடுப்பில் செருகியிருக்கும் பழைய பனியன் துணி, ஏறும்போது ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் பையைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டுக் கைப்பிடியைத் துடைப்பாள், மெதுவாக, முதுகைக் காட்டிக்கொண்டு, மேலே நின்று இவள் எத்தனை தடவை கத்தியிருக்கிறாள், கட்டடத்தையே உன் பேர்ல எழுதி வெச்சிருக்காங்களா, வாம்மா, பசிக்குது... இறங்கும்போது ஏன் துடைப்பதில்லை? ஒரு நாளும் துடைத்ததில்லையே, குடும்பத்தின் முதல் பட்டதாரியாம், கண் இரண்டும் புண்ணா? “அம்மா, அந்தத் துணி எதுக்கு?” அம்மாவின் கை இடுப்புக்குப் போனது. “தூசிடி” என்றாள், பிறகு அப்பாவுக்குக் கேட்காமல், “முடியலைன்னு எழுதிட்டா? யாரு சமைக்கிறது, நீயா?”

மூன்றை அடித்தாள். என்ன எண் போடுவது... காலையில் தெருவுக்கு வந்த பிறகு ஃபைலை மேஜையிலேயே விட்டுட்டேன் என்றது யார், நீ நில்லு பாப்பா, நான் எடுத்தாறேன் என்று மறுபடி ஏறியது யார், ஆட்டோவில் அப்பாவின் பக்கத்தில் சாய்ந்துகொண்டு, நேரமாகுது, ஹாரன் அடிங்கண்ணே என்றது யார், இவள்தானே, ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை... அந்தச் சத்தத்துக்கு அம்மா திருப்பத்தில் நின்று துணியை எடுத்தாளா, எடுக்காமலே ஏறினாளா...