முதல் முடிச்சு என்னுடையது

என் கையில் பலம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லிஃப்ட் கெட்டுப்போகிற நாளில் பத்துக் கிலோ அரிசியை நாலாம் மாடிக்கு நானே தூக்கிப் போகிறேன், எழுபத்தொரு வயதில். ஆனால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. காய்கறிப் பாசாரில் கொடுக்கிற பிளாஸ்டிக் பையின் வாயைப் பிரிக்க முடியவில்லை. முட்டையை எடுத்தால் உடைகிறது. பிடி இருக்கிறது, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதுதான் விரலுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. இருபத்தெட்டு வருஷம் புல்வெட்டும் மெஷினைப் பிடித்த கை. டாக்டரிடம் கேட்டால் வயசு என்கிறார். எதைக் கேட்டாலும் வயசு. அதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

கிளினிக்கில் கைப்பயிற்சி கொடுக்கிற ரோஹானா ஒரு இரும்புப் பிடியைக் கொடுத்து நசுக்கச் சொன்னாள். முள் பத்தொன்பதில் நின்றது.

"குறைவா இருக்கே, பாக்சிக்" என்றாள் மலாயில். பாக்சிக் என்றால் மாமா.

"மெஷின் பழசு" என்றேன்.

"போன மாசம்தான் வாங்கினோம்."

அப்படியானால் மட்டமான மெஷின். அதற்கப்புறம் பச்சை நிறத்தில் மாவு மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொன்னாள். துணி மாட்டுகிற கிளிப்புகளைக் கயிற்றில் வரிசையாக மாட்டச் சொன்னாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

அங்கேதான் அருந்ததியைப் பார்த்தேன். மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்துப் பயிற்சிக்கு வந்திருந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். வயது அறுபத்து நாலு, கல்யாணமே ஆகாதவள். நான் நாலாவது தடவை கிளிப்பைக் கீழே போட்டபோது, "அதை எடுத்துத் தர நான் இஞ்ச வரேல்லை" என்றாள். எனக்குப் பிடித்துவிட்டது. மனைவி போய் ஒன்பது வருஷமாக என்னிடம் யாரும் அப்படி நேராகப் பேசியதில்லை.

ஏழு மாதத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. அவர்கள் பக்கத்தில் தாலிக்குத் தங்கக் கொடி. அதன் பின்னால் மிளகு அளவில் ஒரு திருகாணி. அதை நான் மாட்டி முடிப்பதற்குள் அடுத்த தைப்பூசம் வந்துவிடும். மஞ்சள் கயிறுதான் என்றேன். சரி என்றாள்.

சிக்கல் என் தங்கை ஜெகதீஸ்வரியிடமிருந்து வந்தது. சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறவள், ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வழக்கத்தில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டை அவன் கூடப்பிறந்தவள் போடுவாள்.

"அண்ணே, நீ சும்மா கைய வெச்சிரு லா" என்றாள். "மூணையும் நானே போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"காப்பி குடிச்சாலே பாதி சட்டையில இருக்குது. சபையில நிக்கப் போறது நானும்தான்."

இந்த வயசில் கல்யாணமா என்று தாசேக் கெலுகோரில் இருக்கிற சொந்தக்காரர்கள் வரைக்கும் போன் போட்டு அழுதவள் இவள். மூன்று முடிச்சையும் இவள் போட்டால், சாகிற வரைக்கும் நான்தான் கட்டி வைத்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிவாள்.

அருந்ததியும் அப்போது அங்கேதான் இருந்தாள். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"முதல் முடிச்சு இவர்தான் போடவேணும். அறுபத்து நாலு வருஷம் நான் இருந்தது உங்கட கையால கட்டுப்படவோ? இவருக்கு ஏலாட்டி விடுங்கோ, நான் எழும்பி வீட்ட போறன்."

சொன்னால் செய்கிறவள். எழும்பிப் போய்விடுவாள், மாலையோடு.

பன்னிரண்டு நாள் வீட்டில் நிற்கிற மின்சாரக் காத்தாடியின் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக் கட்டிப் பழகினேன். கட்டைவிரல் ஒரு முனையைப் பிடித்தால் ஆள்காட்டி விரல் மற்றதை விட்டுவிடும். மூன்றாம் நாள் கோபத்தில் காத்தாடியைத் தள்ளிவிட்டேன். கடைசி நாளில் பத்துக்கு ஏழு சரியாக விழுந்தது. போதும் என்று நினைத்தேன்.

தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு சின்னக் கோயில். ஞாயிற்றுக்கிழமை காலை. பின்னால் இன்னொரு கல்யாணக் கூட்டம் பூமாலையோடு காத்திருந்ததால் ஐயர் மந்திரத்தைப் பாதி விழுங்கினார். தாலியைக் கையில் கொடுத்தார். கெட்டிமேளம் எழுந்தது.

காத்தாடிக்கு வியர்வை இல்லை. மல்லிகைச் சரமும் கொண்டையும் இல்லை. கயிறு மஞ்சள் நீரில் ஊறி வழுக்கியது. முதல் தடவை முனை நழுவியது. இரண்டாம் தடவையும். மேளக்காரர் ஓய்ந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி அடித்தார். மூன்றாம் தடவை கயிறு அவள் முதுகில் விழுந்தது. பின்னால் ஒருத்தன் சிரித்தான்.

"சீக்கிரம் சார், நேரம் போறது" என்றார் ஐயர்.

"நீங்க வந்து என் விரலை மாட்டிக்கிறீங்களா?"

ஜெகதீஸ்வரி கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்துவிட்டாள். "விடுண்ணே. மானம் போவுது."

அருந்ததி திரும்பவில்லை. குனிந்தபடியே, "இவ கை வந்தா நான் எழும்புவன்" என்றாள். விளையாட்டுக் குரல் இல்லை. ஒரு காலை ஊன்றவும் செய்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முனையைப் பல்லால் கடித்துப் பிடித்தேன். மற்ற முனையை இரண்டு கையாலும் சுற்றி உள்ளே நுழைத்து, முட்டை உடைகிற பிடியைப் பிடித்து இழுத்தேன்.

"ஆ!" என்று கத்தினாள் அருந்ததி.

முடிச்சு விழுந்துவிட்டது. கூடவே அவள் தலைமுடியில் ஒரு கொத்தும் உள்ளே போய்விட்டது. தலை பின்பக்கம் இழுத்து நின்றது.

"ஐயையோ, அவுத்துட்டு ஒழுங்காப் போடுண்ணே!" என்றாள் ஜெகதீஸ்வரி.

"அவுக்கமாட்டேன். அவுத்தா மறுபடி வராது."

"பொண்ணு கழுத்து ஒடஞ்சிடும்!"

"தாலிக்கயிற்றை அவிழ்க்கப்படாது" என்றார் ஐயர்.

நாங்கள் மூன்று பேரும் கத்திக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து அருந்ததியின் குரல் வந்தது.

"ஒருத்தரும் முடிச்சைத் தொடாதேங்கோ. மயிரை வெட்டுங்கோ."

பூக்கட்டுகிற அம்மாவிடமிருந்து கத்தரிக்கோல் வந்தது. என் கையில் அதைக் கொடுக்க யாருக்கும் பைத்தியமில்லை. ஜெகதீஸ்வரிதான் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினாள். வெட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"மத்த ரெண்டும்?"

"நீ போடு. அது உன்னோடது."

கண் மூடித் திறப்பதற்குள் இரண்டையும் போட்டுவிட்டாள், பாவி. மேளக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எழுந்து நின்றதும் அருந்ததி பிடரியில் கைவைத்து ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தாள். பெரிதாக, கோணலாக இருந்ததில் விரல் நின்றது.

"இன்னும் ரெண்டு மயிர் உள்ள நிக்குது. இழுக்குது."

"தளர்த்தி விடவா?"

"தொட்டுத்தான் பாருங்கோ!" என்று அவள் போட்ட சத்தத்தில், அடுத்த கல்யாணத்து மாப்பிள்ளை பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.