நூற்றுப் பதினெட்டாவது ஆள்

கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று அந்தக் குவாரியில் எல்லோரையும் நம்ப வைத்தவன் நான்தான். யாராவது சந்தேகப்பட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "பொட்டி சொன்னா சொன்னதுதாங்க" என்று வாயை அடைத்துவிடுவேன். எண்பத்தெட்டாம் வருஷம் அது. அரியலூர் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் குவாரி. அதற்கு முன்னால் நான் வேப்பந்தட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திருச்சிக்கு பஸ் ஏறி ஏறி ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்ததில் இந்த வேலை கிடைத்தது. அதுவும் தற்காலிகம்தான்.

குவாரியில் தினம் நாலு மணிக்கு வெடி. அதற்குள் பள்ளத்தில் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. முன்பெல்லாம் டைம்கீப்பர் ராசாங்கம் கேட்டில் நின்று பேர் கூப்பிடுவார். பிறகு பள்ளத்தைச் சுற்றி ஒரு நடை போய் விசில் ஊதிப் பார்த்துவிட்டு வருவார். நான் வந்த பிறகு அதெல்லாம் இல்லை. காலையில் உள்ளே போகிறவர்களின் பேரை நான் அடிப்பேன். சாயங்காலம் வெளியே வரும்போது மறுபடி அடித்தால் நேரம் பதிவாகும். மூன்றரைக்கு ஒரு பட்டனைத் தட்டினால், இன்னும் உள்ளே இருப்பவர்களின் லிஸ்ட் பிரிண்டரில் வரும். 'யாரும் இல்லை' என்று வந்தால் மேனேஜர் செல்லதுரை அதைக் கையில் வாங்கிக்கொண்டு வெடி போடப் போவார். ராசாங்கத்தின் அந்த நடை தேவையில்லை என்று நிறுத்தியதும் அவர்தான். நான் தலையாட்டினேன்.

பத்து நாளாக எனக்கு ஒரு சின்ன அரிப்பு. திரையின் அடியில் மொத்தம் நூற்றுப் பதினெட்டு ரெக்கார்டு என்று காட்டும். பேர்களை லிஸ்ட் அடித்தால் நூற்றுப் பதினேழுதான் வரும். ஒன்று குறைகிறது.

என்னுடைய டேட்டாபேஸில் இரண்டு ஃபைல். ஒன்றில் ஆட்கள் வந்த வரிசையில் இருப்பார்கள். இன்னொன்று இண்டெக்ஸ்; புத்தகத்தின் கடைசியில் பேர் வரிசை போட்டிருப்பார்களே, அது மாதிரி. பேரைச் சொன்னால் ஆளைக் காட்டும். லிஸ்ட் வருவது இண்டெக்ஸ் வழியாகத்தான். நான் முதலில் ஃப்ளாப்பியைச் சந்தேகப்பட்டேன். குவாரித் தூசியில் என்னதான் கெடாது? வேறு ஃப்ளாப்பி மாற்றினேன். கரண்ட் போய்ப் போய் வருவதால் இருக்கும் என்று இண்டெக்ஸை அழித்துப் புதிதாகக் கட்டினேன். அப்போதும் நூற்றுப் பதினேழு. ஏதோ வெற்று ரெக்கார்டு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளியே மூச்சு விடவில்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மூன்று இருபதுக்கு அம்மா ஜன்னலண்டை வந்து நின்றாள். அவளும் அங்கே கல் சுமக்கிறவள்தான். பேர் கொளஞ்சியம்மாள்.

"சாப்புட்டியாடா?"

"வேல நேரத்துல பேசாத. போ."

அவள் பேரை அடித்தேன். நேரம் பதிவானது. மூன்றரைக்கு முதல் சங்கு ஊதியது. லிஸ்ட் அடித்தேன். யாரும் இல்லை. செல்லதுரை சார் தாளைக் கிழித்துக்கொண்டு ஜீப்பில் போனார். ராசாங்கம் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு கல்லங்குறிச்சி ரோட்டில் வண்டிகளை மறிக்கப் போனார். ஆபீஸில் நான் மட்டும்தான்.

சும்மா இருந்த நேரத்தில் அந்த அரிப்பு திரும்பியது. இண்டெக்ஸே வேண்டாம், ஃபைலை நேராகப் பார்ப்போம் என்று திறந்தேன். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினேன். முதல் ரெக்கார்டு அம்மா. எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள். கொளஞ்சியம்மாள் பி. உள்ளே ஏழு ஐந்து, வெளியே மூன்று இருபது. அடுத்து, அடுத்து என்று போனேன். முப்பத்தொன்றாவதில் நின்றேன்.

கொளஞ்சியம்மாள் பி. உள்ளே ஏழு நாற்பது. வெளியே என்ற இடம் காலி.

எங்கள் பக்கம் பிள்ளை வேண்டி ஒரு சாமிக்கு நேர்ந்துகொண்டு அந்தச் சாமி பேரையே வைப்பதில் தெருவுக்கு நாலு கொளஞ்சி. எங்கள் அப்பா பேர் பாவாடை. இன்னொரு கொளஞ்சியின் புருஷன் பச்சமுத்து. இரண்டு பேருக்கும் 'பா'வும் 'ப'வும் கம்ப்யூட்டரில் ஒரே ஆங்கில எழுத்து, 'பி'. அதனால்தான் ஊரில் அம்மாவைப் பெரிய கொளஞ்சி என்றும் அவளைச் சின்னக் கொளஞ்சி என்றும் சொல்வார்கள். ராசாங்கமும் கேட்டில் அப்படித்தான் கூப்பிடுவார். எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் பெரிய, சின்ன என்றெல்லாம் மெஷினில் அடிப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று நான்தான் விட்டுவிட்டேன்.

அது மட்டும் இல்லை. பதினோரு நாளைக்கு முன்னால் ஒரு பேரை நான் கை தவறி இரண்டு முறை அடித்து, லிஸ்டில் இரண்டு தடவை வந்து, செல்லதுரை சார் கத்தினார். "இன்னொரு தப்பு வந்துச்சு, நீ வேப்பந்தட்டைக்கே போயி டைப் அடிக்கலாம்." அன்றைக்கே இண்டெக்ஸில் ஒரு கட்டளை சேர்த்தேன். ஒரே பேர் இரண்டாவது தடவை வந்தால் சேர்க்காதே. அது சொன்னபடி கேட்டது. பத்து நாளாகச் சின்னக் கொளஞ்சி இண்டெக்ஸில் இல்லவே இல்லை. அவள் வெளியே வரும்போதும் நேரம் அம்மா பேரில்தான் ஏறியிருக்கிறது. அவள் வந்தாலும் வராவிட்டாலும் லிஸ்ட் 'யாரும் இல்லை' என்றுதான் சொல்லும்.

நேற்றைய ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். நேற்றும் அவளுக்கு இடம் காலிதான். ஆனால் நேற்று அவள் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாள். அப்படியானால் இன்றைக்கும் போயிருக்கலாம். இன்றைக்கு அந்தப் பேரை ஒரு முறை அடித்தேனா, இரண்டு முறையா? நூறு பேர் வருகிற அவசரத்தில் எனக்கு எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை.

சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பத்தாறு.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மருந்து நிரப்பிய வெடியை நிறுத்தினால் சும்மா விடமாட்டார்கள். அவள் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தால்? என் வேலை போச்சு, என் பேரும் நாறிப்போச்சு. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு நடுவே ஒரு நினைப்பு வந்தது. இன்றைக்கும் அதைச் சொல்லக் கூசுகிறது. எப்படியும் என் அம்மா வெளியே வந்துவிட்டாள்.

அந்த நினைப்பு வந்ததும் எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்து ஓடினேன். கடிகாரம் மூன்று ஐம்பத்தொன்று.

வெடி போடுகிறவர்கள் ஒதுங்கி நிற்கும் மறைப்பு அரை மைல் தள்ளி. பாதி வழியில் இரண்டாவது சங்கு ஊதியது. செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன். மறைப்புக்குள் வெடிகாரர் கருப்பண்ணன் வெடிப்பெட்டியில் சாவியைப் போட்டு, திருகத் தயாராகக் குந்தியிருந்தார். செல்லதுரை சார் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கண்ணே. உள்ள ஆளு இருக்கு."

"யாரு?" என்றார் சார்.

"சின்னக் கொளஞ்சி. இருக்கலாம் சார். தெரியல."

"லிஸ்ட்ல யாரும் இல்லன்னு நீதானே குடுத்த?" தாளை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்.

"லிஸ்ட் தப்பு சார். நான் எழுதினது தப்பு."

அவர் வாயைத் திறப்பதற்குள் கருப்பண்ணன் சாவியை உருவி மடியில் முடிந்துகொண்டார். "நான் போடமாட்டேங்க. தெரியலன்னு ஒரு வார்த்த வந்தாச்சு" என்றார்.

"உள்ள யாரும் இல்லன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார் சார் என்னிடம்.

"சரிங்க சார்."

மூன்று பேரும் பள்ளத்தின் விளிம்புக்குப் போனோம். கருப்பண்ணன் விசில் ஊதினார். ஒன்றும் இல்லை. மறுபடி ஊதினார். வெள்ளைக் கல்லும் ஒயர்களும்தான் தெரிந்தன. என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அதுவே நடக்கட்டும் சாமி, உள்ளே யாரும் இருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது கீழ்த்தட்டில், கல் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு கை தெரிந்தது. ஒரு பெண் மெதுவாக எழுந்தாள். சின்னக் கொளஞ்சி இல்லை. சின்னக் கொளஞ்சியை முதுகில் சுமந்துகொண்டு நின்றது என் அம்மா.

வெடி வைத்த குழிகளுக்கும் அவர்களுக்கும் நடுவே இருபது அடிகூட இல்லை.

எப்படி இறங்கி ஓடினேன் என்று தெரியாது. சின்னக் கொளஞ்சியின் கணுக்கால் கல்லுக்கடியில் மாட்டி வீங்கியிருந்தது. இரண்டு பேரையும் மேலே கொண்டுவந்து சேர்த்தோம். அம்மாவுக்கு மூச்சிரைத்தது.

"ராசாங்கத்துக்கிட்ட சின்னக் கொளஞ்சி வரலியேன்னு கேட்டேன். பொட்டியில யாருமில்லன்னு வந்துருச்சு, நீ வூட்டுக்குப் போன்னாரு. எனக்கு மனசு கேக்கல. பின்பக்கம் ஒத்தையடிப் பாதையில எறங்கிட்டேன். ரெண்டாவது சங்கு ஊதினப்ப கல்லு அசைய மாட்டேங்குது. அவ்வளவுதான்னு ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டோம். விசில் சத்தம் கேட்டதும் மறுபடி நெம்பினேன், கல்லு பொரண்டுருச்சு."

செல்லதுரை சார் கையிலிருந்த தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து ராசாங்கம் பழையபடி விசிலோடு நடந்தார். நான் இண்டெக்ஸில் அந்தக் கட்டளையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் தனி நம்பர் போட்டேன். வேலை போகவில்லை.

அம்மா அன்றைக்குத் தெரு முழுக்கச் சொன்னாள். "நான் உள்ள இருக்கேன்னு எம் மவனுக்கு எப்படியோ தெரிஞ்சுருக்கு. செருப்புகூட இல்லாம ஓடியாந்தான்." என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நான் மறுத்துச் சொல்லவில்லை. அம்மா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு மூன்று நாற்பத்தாறிலிருந்து மூன்று ஐம்பத்தொன்று வரை, அவள் பத்திரமாக வெளியே இருக்கிறாள் என்ற தைரியத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை அவளிடம் கடைசி வரை சொல்லவே இல்லை.